கடைசி பெஞ்சுத் தாளம்

மக்களே, சார் டிஜே படிக்கிறார் என்று சிரிக்காதீர்கள். பேரன் என் லேப்டாப்பில் ‘விர்ச்சுவல் டிஜே’ போட்டுத் தந்து மூன்று வாரமாகிறது. திரையில் இரண்டு இசைத்தட்டுகள் சுற்றும். ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்ததை ஹெட்போனில் கேட்டு, தாளம் பிசகாமல் அதோடு சேர்க்க வேண்டும்.

ஓடும் பாட்டில் நிமிடத்துக்கு 104 அடி, அடுத்ததில் 100 என்றால், அடுத்ததின் வேகத்தை 4 சதவீதம் கூட்டினால் போதும். கணக்கு வாத்தியாருக்கு இது பெரிய காரியமா?

1981-ல் நம்ம முட்டத்தில் எடுத்த ‘அலைகள் ஓய்வதில்லை’ பாட்டை வைத்தேன். மனிதர்கள் கையால் வாசித்தது. வேகம் லேசாக ஏறி இறங்கும். என் கணக்கு நிற்கவில்லை. “சிங்க் பட்டனை அமுக்குங்க தாத்தா, அதுவே சேர்த்திரும்” என்றான் பேரன். விடையைப் பார்த்து எழுதச் சொல்கிறான்! மாட்டேன் என்றேன். “அப்போ எண்ணாதீங்க, காலால தட்டுங்க.” தட்டினேன். சேர்ந்தது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. பெஞ்சில் தாளம் போட்டதற்காக ஒரு பையனை வெளியே நிறுத்தியது ஞாபகம் வந்தது. நான் போர்டில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். அவன் நாலை எட்டாகவும், எட்டைப் பதினாறாகவும் விரலால் பிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கணக்கு வராது என்று அவன் அப்பாவிடமே சொன்னேன்.

மக்கா, இதைப் படித்தால் ஒருநாள் வீட்டுக்கு வா. மன்னிப்புக் கேட்கணும். தாளமும் படிக்கணும்.