மேல்நோக்கி நிற்கும் முள்

கிரிக் நகரைத் தாண்டி கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் ஏறியதும்தான் அப்பா வாயைத் திறந்தார். "மீனைப் பிடிச்சுத் திருப்பி விடுறதுக்கா ஈப்போவுலேருந்து இவ்ளோ தூரம்?" யானை கடக்கும் பாதை என்ற எச்சரிக்கைப் பலகையைக் காட்டிப் பேச்சை மாற்றினேன்.

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், மாதக் கடைசியில் அப்பா பிடித்து வரும் ஹருவான்தான் எங்கள் வீட்டுக் குழம்பு. மூங்கில் கழி, மண்புழு, ஒரு முள். அந்த முள் வேரில் சிக்கினால் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி எடுத்து வருவார். இன்னொரு முள்ளுக்குக் காசு வேண்டுமே!

நாங்கள் போனது தெமெங்கோர் ஏரிக்கு. 1970களில் பேராக் ஆற்றை மறித்து மின்சாரத்துக்காக அணை கட்டியபோது காடு அப்படியே மூழ்கிப்போனது. பட்ட மரங்கள் இன்றும் நீருக்கு மேல் விரல்களைப் போல் நிற்கின்றன. புலாவ் பண்டிங் படகுத்துறையில் படகுவீடு ஏறினோம். விடிகாலையில் பனிமூட்டம் விலகும்போது இருவாட்சிகளின் சிறகடிக்கும் ஓசை கேட்கும். அதற்காகவே ஒருமுறை குடும்பத்தோடு போய் வரலாம்.

பட்ட மரங்களின் இடுக்கில் சின்ன மீன்கள் ஒளிந்திருக்கும். அவற்றை வேட்டையாட செபாராவ் வரும். வெள்ளி உடம்பு, நடுவில் கறுப்புப் பட்டை. அதற்கு நான் கட்டும் பொய் இரையின் பெயர் கிளவுசர் மின்னோ. அமெரிக்காவில் சஸ்குவஹானா ஆற்றில் மீன்பிடி வழிகாட்டியாக இருந்த பாப் கிளவுசர் 1980களில் உருவாக்கியது.

விஷயம் எளிது. முள்ளின் தண்டு மேல், தலைப்பக்கமாக, இரு குண்டுகள் கொண்ட ஈயக் கண்ணை நூலால் கட்ட வேண்டும். கண் இருக்கும் பக்கம் வெள்ளை மான்வால் முடி, மறுபக்கம் பச்சை முடி, நடுவே கொஞ்சம் மினுக்கு இழை. தண்ணீரில் போட்டதும் ஈயத்தின் கனத்தால் முழுதும் புரண்டு, முள் முனை மேல்நோக்கி நிற்கும். அதனால் மூழ்கிய கிளைகளில் அவ்வளவாகச் சிக்காது. நூலை இழுத்தால் எழும்பும், நிறுத்தினால் தலைகுப்புற இறங்கும், அடிபட்ட மீன்குஞ்சு மாதிரி. வீசும்போது அவசரப்பட்டால் உங்கள் பிடரியில்தான் வந்து விழும். எனக்கு இரண்டு தடவை விழுந்தது.

முதல் நாள் காலையில் மூன்றை மரத்துக்குப் பலி கொடுத்தேன். நான் கட்டிய கண்கள் தளர்ந்து சுழன்றுவிட்டன. இரை பக்கவாட்டில் சாய்ந்து நீந்தியது, முள் போய் மரத்தில் குத்தியது. அப்பா சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அன்றிரவு விளக்கடியில் நான் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கையை நீட்டினார். "நீ கோயில் பந்தல்ல குறுக்கு மூங்கில் கட்டியிருக்கியா? பெருக்கல் குறி மாதிரி ரெண்டு பக்கமும் இழுக்கணும். அப்புறம் கட்டைச் சுத்தி, கண்ணுக்கும் தண்டுக்கும் நடுவுல போட்டு இறுக்கணும்." மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அவரே கட்டினார். ஒரு சொட்டுப் பசை மட்டும் நான் வைத்தேன். நகத்தால் நெம்பிப் பார்த்தேன், அசையவில்லை.

மறுநாள் அதை ஒரு பட்ட மரத்தின் அடியில் வீசி, ஐந்து எண்ணி, இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் கை அதிர்ந்தது. ஒன்றரைக் கிலோ இருக்கும் என்றார் தெமியார் படகோட்டி. முள்ளைக் கழற்றி, தண்ணீரிலேயே பிடித்து விட்டேன். எனக்குப் பெருமை. அப்பாவுக்கோ கொதிக்கிற குழம்பைக் கவிழ்த்தது போல. மதியம் வரை என்னோடு பேசவில்லை. பிடித்து விடுவது சரியென்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் அன்று அவர் முகத்தைப் பார்த்து அதை விளக்க எனக்கு வாய் வரவில்லை.

மாலையில் அகப்பட்ட இரண்டாவது மீன் முள்ளை ஆழமாக விழுங்கியிருந்தது. செவுளில் ரத்தம். விட்டாலும் பிழைக்காது. நான் தயங்குவதற்குள் அப்பா கத்தியை எடுத்துவிட்டார். புளி, மிளகாய், படகோட்டி கொடுத்த பூங்கா கந்தான். படகுவீடு முழுக்க மணந்தது.

செபாராவில் முள் அதிகம். மெல்லிய, கிளைவிட்ட முள்கள். அப்பா இரண்டு கவளம் சாப்பிட்டு, நாக்கிலிருந்து நாலைந்தை எடுத்துத் தட்டோரம் வைத்தார்.

"ஏண்டா, காலையில விட்டியே, இதே மீன்தானா?"

"ஆமாப்பா."

"அதை விட்டதே நல்லது," என்றார். பிறகு குழம்பை மட்டும் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, "ஈயக்கண்ணு இன்னும் எத்தனை இருக்கு?" என்று கேட்டார்.