ஏப்ரல் மீனும் ஒளித்துவைத்த கேமராவும்

என் பேரன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். ராத்திரி சாப்பாடு ஆனதும் செல்போனை டி.வி.யோடு இணைத்து எதையாவது ஓடவிடுவான். போன வாரம் செய்தி கேட்கலாம் என்று நான் போய் உட்கார்ந்தால், கறுப்பு வெள்ளையில் ஒரு பழைய இங்கிலாந்து நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. "தாத்தா, நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போ வந்ததாம், உக்காந்து பாருங்க" என்றான்.

ஒரு கார் சரிவில் இறங்கி வந்து மெக்கானிக் ஷெட்டில் நிற்கிறது. வண்டி சரியில்லை, கொஞ்சம் பாருங்கள் என்கிறார் வந்தவர். மெக்கானிக் பானெட்டைத் திறக்கிறார். உள்ளே எஞ்சினே இல்லை! வந்தவரோ, ஓட்டிக்கொண்டுதானே வந்தேன் என்று கல்லுப்பிள்ளையார் மாதிரி நிற்கிறார். அந்த மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்காமல் இருமலாகி, மருமகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும்படி ஆகிவிட்டது.

'கேண்டிட் கேமரா' என்று பெயர். மூலம் அமெரிக்கா. ஆலன் ஃபன்ட் என்பவர் 1947-ல் வானொலியில் ஒளித்துவைத்த மைக்கோடு தொடங்கி, அடுத்த ஆண்டே தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனார். இங்கிலாந்தில் ஐ.டி.வி. 1960-ல் ஆரம்பித்தது. பாப் மங்க்ஹவுஸ் தொகுத்து வழங்க, தெருவில் இறங்கி வேலையைக் காட்டியவர் ஜோனதன் ரூத். எஞ்சின் இல்லாத காரில் வந்தவர் அவர்தான்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது இங்கே பழைய கட்டுரைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். எங்கள் சித்தப்பா ஒருவர் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். விடுப்பில் வரும்போதெல்லாம் அந்த ஊர்க் கதைகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவருவார். பிரான்சிலும் 1964-ல் இதே மாதிரி 'லா கமெரா ஆன்விஸீப்ல்', கண்ணுக்குத் தெரியாத கேமரா என்று ஒன்று வந்தது. அதைத் திண்ணையில் உட்கார்ந்து அவர் நடித்தே காட்டுவார். எங்கள் வீட்டில் அப்போது ரேடியோகூடக் கிடையாது. டி.வி. என்ற பெட்டியை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தவன் போலத்தான் இன்றைக்கும் ஞாபகம்.

கேமரா இல்லாவிட்டால் என்ன, பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஏப்ரல் மீன் இருந்தது. ஏப்ரல் முதல் தேதியை இங்கே முட்டாள்கள் தினம் என்பார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது 'புவாஸோன் தவ்ரீல்', ஏப்ரல் மீன். காகிதத்தில் மீன் வெட்டி, ஏமாந்தவன் முதுகில் அவனுக்குத் தெரியாமல் ஒட்டிவிட வேண்டும். பசைக்குச் சோற்றுப் பருக்கை போதும். ஒருமுறை எங்கள் பிரெஞ்சு வாத்தியார் முதுகிலேயே ஒட்டிவிட்டோம். தாழ்வாரம் முழுக்க மீனோடு நடந்துபோனார். வகுப்புக்குள் வந்து, கோட்டைக் கழற்றி மாட்டும்போது பார்த்துவிட்டார். எங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. அவர் மீனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். செதில் எங்கே, துடுப்பு எங்கே என்று கேட்டு, சிவப்பு மையில் இருபதுக்கு எட்டு என்று மதிப்பெண் போட்டுக் கரும்பலகையில் ஒட்டினார். அந்த மனிதரை நினைத்தால் இப்போதும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பேரன் காட்டிய வீடியோக்களுக்கு வருகிறேன். அந்த வாரம் முழுக்க வரிசையாகப் பார்த்தோம். 'பீடில்ஸ் அபௌட்' என்ற நிகழ்ச்சி 1986 முதல் பத்து ஆண்டுகள் ஓடியிருக்கிறது. ஜெரமி பீடில் என்ற தாடிக்காரர் வேஷம் மாற்றிக்கொண்டு வருவார். ஒருவருடைய வண்டியைப் போலவே இன்னொரு வண்டியைத் தயார் செய்து, அவர் கண்ணெதிரே அதைப் பாழாக்குவார்கள். அந்த ஆள் தலையில் கை வைத்து அலறும்போது பீடில் வேஷத்தைக் கலைத்துவிட்டு மைக்கை நீட்டுவார். ஊரே சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் பாதியில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு 2000-ல் வந்த டாம் ஜாலி வேறு ரகம். ஆள் உயரத்துக்குப் பாதி இருக்கும் ஒரு செல்போனைத் தூக்கிக்கொண்டு அமைதியான இடங்களில் போய் நின்று "ஹலோ" என்று கத்துவார். சுற்றி இருப்பவர்கள் இவன் யாரடா கிறுக்கன் என்று பார்ப்பார்கள்.

எஞ்சின் இல்லாத காரோடு வந்த ரூத், தானே முட்டாளாக நின்றார். டாம் ஜாலியும் அப்படித்தான். பீடில் நிகழ்ச்சியில் முட்டாளாவது எதிரில் இருப்பவர். இதைப் பேரனிடம் சொன்னேன். "தாத்தா, ரொம்ப யோசிக்கிறீங்க, அது சும்மா ஜாலிக்கு" என்றான். நான் யோசிப்பதற்குக் காரணம் உண்டு. இதுவரை எங்கும் எழுதாதது, இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

அதே 1986. ஏப்ரல் 1, செவ்வாய்க்கிழமை. நான் அரசு அலுவலகம் ஒன்றில் எல்.டி.சி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்த யூ.டி.சி. ஒருவர் என் பக்கத்து மேஜை. பெயர் வேண்டாம். மெல்லிய சுபாவம், யாரையும் கடிந்து பேச மாட்டார், கோப்பில் ஒரு எழுத்துப் பிசகாது. என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

புதுச்சேரி அரசில் வேலை பார்த்தவர்களுக்கு யானாம் என்ற பெயரே வயிற்றைக் கலக்கும். ஊர் என்னவோ நல்ல ஊர்தான், கோதாவரிக் கரை. ஆனால் ஆந்திராவில் காக்கிநாடா பக்கம், எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். காரைக்கால் என்றால் சகித்துக்கொள்வோம், மாஹேகூடப் பரவாயில்லை. யானாம் என்றால் ஆளாளுக்கு மருத்துவச் சான்றிதழ் தேடுவார்கள்.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து அவருக்கு யானாமுக்கு ஒரு இடமாற்ற உத்தரவு தயார் செய்தோம். தட்டச்சு செய்தது நான். 'நிர்வாக நலன் கருதி' என்ற வாசகம் முதல் நகல் பெறுவோர் பட்டியல் வரை ஒரு குறை வைக்கவில்லை. முத்திரை மட்டும் குத்தவில்லை, அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. மூன்று நாளில் பணியில் சேர வேண்டும் என்று போட்டேன். அந்த மூன்று நாள் என் சொந்தக் கற்பனை. அப்போது அதில் எனக்குப் பெருமை வேறு. சாயங்காலம் நாலு மணிக்கு அவர் முதுகில் காகித மீன் ஒட்டி உண்மையை உடைப்பது என்று ஏற்பாடு. மீன் யோசனையும் என்னுடையதுதான்.

பதினொரு மணிக்குத் தபாலோடு தபாலாக வைத்தோம். படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மணிக்குச் சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது கண் சிவந்திருந்தது. வெயில் என்று நினைத்தோம். நாலு மணிக்கு மீன் ஒட்டியாயிற்று, பிரிவே கைதட்டியது. அவரும் சிரித்தார். "நல்லா ஏமாத்திட்டீங்க தம்பி" என்று சொல்லி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் காசில் டீ குடித்தோம்.

பன்னிரண்டு வருடம் கழித்து அவர் மகள் கல்யாணப் பந்தியில் அவர் மனைவி எனக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டே பேசினார். "அந்த யானாம் ஆர்டர் நீங்க அடிச்சதுதானே தம்பி?" என்று சிரித்தபடிதான் ஆரம்பித்தார். அன்று மதியம் அவர் வீட்டுக்குப் போய், பக்கவாதம் வந்து படுத்திருந்த தன் அம்மாவிடம், உங்களைத் தம்பி வீட்டில் கொஞ்ச நாள் விட வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார். கிழவி அழுதிருக்கிறாள். சாயங்காலம் வந்து, அது வேடிக்கைக்குச் செய்தது அம்மா என்று மீனைக்கூடக் காட்டியிருக்கிறார். கிழவி நம்பவில்லை. மகன் தன் மனசு நோகக் கூடாதென்று மறைக்கிறான் என்றே நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் அலுவலகத்திலிருந்து பத்து நிமிஷம் பிந்தினாலும், "போயிட்டானா?" என்று மருமகளைக் கேட்பாளாம். தை மாதம் இறந்துபோகும்வரை அதே கேள்வி.

அந்த அம்மா என்னைக் குறை சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றினார். அவர் கணவர் இந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட இதை எங்களிடம் சொன்னதில்லை. மறுநாளும் வழக்கம்போலப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து என் வரைவுகளைத் திருத்திக் கொடுத்தார்.

டிசம்பர் 2012-ல் லண்டன் செய்தி ஒன்றைப் பேப்பரில் படித்தபோது எனக்கு அந்தக் கிழவி ஞாபகம்தான் வந்தது. ஜெசிந்தா சல்தானா என்ற நர்ஸ், நம் பக்கத்துக் கர்நாடகத்துக்காரர், வயது 46. இளவரசர் வில்லியமின் மனைவி அனுமதிக்கப்பட்டிருந்த மருத்துவமனையில் வேலை. ஆஸ்திரேலிய வானொலிக்காரர்கள் இருவர் எலிசபெத் மகாராணி போலவும் இளவரசர் சார்லஸ் போலவும் குரல் மாற்றிப் பேச, விடியற்காலையில் போனை எடுத்த இவர் நம்பி வார்டுக்கு இணைப்புக் கொடுத்துவிட்டார். அதைப் பதிவுசெய்து, பேசியவர்களிடம் ஒப்புதல் வாங்காமலே ஒலிபரப்பினார்கள். உலகமே கேட்டுச் சிரித்தது. மூன்றாம் நாள் அவர் உயிரோடு இல்லை.

நான் குமாஸ்தாவாகவே காலம் தள்ளியவன், எனக்குக் காகிதத்தில்தான் கண் போகும். இங்கிலாந்தில் ஆஃப்காம் என்ற ஒலிபரப்பு ஒழுங்கு அமைப்பின் விதி 8.15 இதற்கென்றே இருக்கிறது. வேடிக்கைக்காக ஒளிந்து படம் எடுத்தால், சம்பந்தப்பட்டவர் ஒப்புதல் இல்லாமல் ஒளிபரப்பக் கூடாது, ஆள் அடையாளம் தெரியாவிட்டால் தவிர. நம் ஊரிலும் ஏப்ரல் 2019-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, டிக்டாக் வழக்கு உத்தரவிலேயே இந்தப் பிராங்க் சமாசாரத்தையும் தொட்டது. யாரையும் அதிர்ச்சிக்குள்ளாக்கிக் கேலிப்பொருளாக்குவது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவது என்றது. 2022-ல் கோவை மாநகரக் காவல்துறை பிராங்க் வீடியோ எடுப்பவர்களை எச்சரித்து வழக்கும் பதிந்தது. எல்லாம் சரிதான். ஆனால் பின்னால் வாங்கும் கையெழுத்து எதற்குச் சாட்சி என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பத்துப் பேர் சுற்றி நின்று சிரிக்கும்போது நீட்டினால் யார்தான் போட மாட்டார்கள்? 1986-ல் நாங்கள் ஒரு படிவம் நீட்டியிருந்தால் அவரும் போட்டிருப்பார், தேதியோடு.

பென்னலூருக்கு நான் மகனோடு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவனுக்கு ஒரகடத்தில் வேலை. எங்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கே கம்பெனி பஸ்ஸுக்குக் கூட்டம் நிற்கும். பாதிப் பேர் ஒடிசா, பீகார் பையன்கள். நான் நடை முடித்து அங்கே டீக்கடையில் உட்காருவேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட இரண்டு பேர் வந்தார்கள். மூன்றாமவன் டீ குடிப்பது போல நின்று செல்போனைச் சட்டைப் பைக்குள் வெளியே தெரியும்படி வைத்திருந்தான். புதிதாக வேலைக்கு வந்த ஒடிசாப் பையன் ஒருவனைப் பிடித்து, உன் காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது, அட்டையைக் கொடு என்று அரைகுறை இந்தியில் மிரட்டினார்கள். பத்தொன்பது வயது இருக்கும். அட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டான். நான் எழுந்து போவதற்குள் அவர்கள் கேமராவைக் காட்டி, தோளில் தட்டி, கன்னத்தைக் கிள்ளிவிட்டார்கள். அவனும் சிரித்தான். "தம்பிங்களா, இவன்கிட்ட கேட்டீங்களா?" என்றேன். "அதான் சிரிக்கிறானே பெரியவரே" என்றான் ஒருவன்.

எந்த வீடியோவையும் தேடிப் பிடிப்பவன் என் பேரன். இதைச் சொன்னதும் நேற்று அதையும் பிடித்துவிட்டான். டி.வி.யில் பெரிதாகப் போட்டான். பின்னணியில் இசை, நடுநடுவே மஞ்சள் எழுத்து. ஓரத்தில் டம்ளரோடு எழுந்து வரும் கிழவனாக நானும் இருக்கிறேன். பையன் கும்பிடுகிறான், கேமராவைப் பார்க்கிறான், சிரிக்கிறான். அங்கேயே நின்றுவிட்டது.

"அப்புறம்?" என்றேன்.

"அவ்வளவுதான் தாத்தா, முடிஞ்சு போச்சு."

அப்புறம் நடந்ததை நான் அவனுக்குச் சொன்னேன். அவர்கள் தோளில் கை போட்டுக்கொண்டிருந்தபோதே கம்பெனி பஸ் வந்து நின்று கிளம்பிவிட்டது. பையன் கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடினான். பிறகு சாப்பாட்டுப் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, அட்டையை ஒரு கையால் பிடித்தபடி, லாரிகளுக்கு ஓரமாக இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் நடக்க ஆரம்பித்தான்.

பேரன் டி.வி.யை அணைத்தான். "நீங்க அவனை ஆட்டோவுல ஏத்தி விட்டிருக்கலாமே தாத்தா" என்றான். பையில் நூறு ரூபாய் இருந்தது. எனக்குத் தோன்றவில்லை.