கேட்டுவிட்டுக் கை வை

நம் வீடுகளில் கணினி தெரிந்த பிள்ளைக்கு ஒரு வேலை கூடுதலாக உண்டு. விடுமுறைக்கு ஊருக்குப் போனால், பையை இறக்கி வைப்பதற்குள் பெரியம்மா வீட்டிலிருந்து அழைப்பு வந்துவிடும். "சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு கண்ணு, வைரஸ் ஏறிடுச்சாட்ட இருக்குது, ஒரு எட்டு வந்து பாரு." நீ படித்தது கணினி அறிவியலா வணிகவியலா என்று யாரும் கேட்பதில்லை. அப்படி அழைக்கப்படும் உனக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஈரோட்டில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்து, அந்த வேலையிலேயே தலை நரைத்தவன் நான். அங்கே கற்றதில் பாதிக்கு மேல் கணினிக்கு வெளியிலும் எனக்கு உதவியிருக்கிறது.

கடைக்கு வருகிறவர்கள் நோயின் பெயரைத் தாங்களே முடிவு செய்துகொண்டுதான் வருவார்கள். வேகம் குறைந்தால் வைரஸ். சத்தம் வந்தால் வைரஸ். பிரிண்டர் ஓடாவிட்டாலும் வைரஸ். அந்தப் பெயரை அப்படியே நம்பி வேலையைத் தொடங்குகிற பையன் நல்ல மெக்கானிக் ஆகமாட்டான். கை வைப்பதற்கு முன்னால் கேள். எப்போதிருந்து இப்படி இருக்கிறது? அதற்கு முந்தின வாரம் புதிதாக என்ன போட்டீர்கள்? நாள் முழுக்க மெதுவா, ஆன் செய்த முதல் அரைமணி நேரம் மட்டுமா? ஜெராக்ஸ் கடையில் பென்டிரைவ் போட்டு எடுத்தீர்களா? யாராவது போன் செய்து எதையாவது இறக்கச் சொன்னார்களா? கடைசிக் கேள்வியைத் தாழ்ந்த குரலில், தனியாக இருக்கும்போது கேள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கேட்டாயிற்று என்றால் அடுத்து பார். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்த நிரல் எவ்வளவு வேலை வாங்குகிறது என்று அங்கே எழுதியே இருக்கிறது. பெரும்பாலான பழைய வீட்டுக் கணினிகளில் டிஸ்க் என்ற பத்திதான் நூறு சதவீதத்தில் சிவந்து நிற்கும். மேலே நிற்கும் பெயர் பல நேரம் 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்' என்று இருக்கும். அதைப் பார்த்துப் பதறி, அதுதான் வைரஸ் என்று நிறுத்தப் பார்ப்பவர்கள் உண்டு. அது காவல்காரன். விண்டோஸோடு சேர்ந்தே வரும் டிஃபெண்டரின் வேலை நடக்கும் இடம் அது.

காவல்காரனே கணினியை ஏன் மெதுவாக்குகிறான்? இதைப் புரிந்துகொள்ளாமல் இந்த வேலையில் இறங்கக்கூடாது. பழைய ஹார்டிஸ்க்குக்குள்ளே நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் தட்டுகள் இருக்கின்றன. ஒரு கோப்பைப் படிக்க ஒரு சிறு கை அந்தத் தட்டின்மேல் நகர்ந்து இடம் தேட வேண்டும். ஒரு விண்டோஸ் கணினியில் லட்சத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்னக் கோப்புகள் இருக்கும். ஸ்கேன் ஓடும்போது அந்தக் கை ஒவ்வொன்றுக்கும் ஓடி ஓடித் திரும்புகிறது. அதே நேரத்தில் பெரியம்மா பிரவுசரைத் திறந்தால், அதற்கும் அதே கைதான். நினைவகம் 4 ஜிபி மட்டும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். இடம் போதாமல் விண்டோஸ் நினைவகத்தில் இருப்பதையும் ஹார்டிஸ்க்கிலேயே எழுதி எழுதி எடுக்கும். இங்கே வைரஸ் என்று எதுவுமே இல்லை. ஸ்கேனை யாரும் உட்காராத நேரத்துக்கு மாற்றி வைத்தால் பாதி புகார் அன்றைக்கே தீரும். ஹார்டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி போட்டால் மீதியும் தீரும். பத்து வருடக் கணினிகூட இந்த ஒரு மாற்றத்தில் எழுந்து நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த உண்மை தெரியாமல் என்ன செய்கிறோம்? மெதுவாக இருக்கிறதே என்று இன்னொரு ஆன்டிவைரஸ் போடுகிறோம். அதற்கும் மேல் ஒன்று, கணினியை வேகமாக்கித் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள் ஒன்று. ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்காது. ஒரு கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஆன்டிவைரஸ் நடுவில் நின்று சோதித்துத்தான் வழி விடுகிறது. இரண்டு பேர் அப்படி நின்றால், ஒருவர் கோப்பைத் தொட்டதையே மற்றவர் சந்தேகப்பட்டுச் சோதிக்கத் தொடங்குகிறார். விண்டோஸுக்கு இது தெரியும். வேறு ஆன்டிவைரஸ் முறைப்படி பதிவானால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். சிக்கல் வருவது மற்றவற்றுக்கு இடையில்தான். வாங்கும்போதே கணினியோடு வந்த சோதனைப் பதிப்பு, அண்ணன் கீ வாங்கிப் போட்டது, கடைக்காரர் போட்டுக் கொடுத்தது என்று மூன்றும் கிடக்கும். காலாவதியான ஒன்று புதிய வைரஸ்களின் அடையாளங்கள் எதுவும் வராமலேயே பெயருக்கு உட்கார்ந்திருக்கும். சந்தா கட்டி ஒன்றை ஒழுங்காகப் புதுப்பிக்கிறார்களா, அதை மட்டும் வைத்துக்கொள். இல்லையென்றால் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு டிஃபெண்டரை நம்பு. ஒரு சாதாரண வீட்டுக்கு அது போதும் என்பது என் முடிவு. சாதாரணமாக நீக்கினால் போகாத மிச்சங்களைத் துடைக்கப் பெரிய நிறுவனங்கள் தனியாக ஒரு நீக்கும் கருவியே வைத்திருக்கின்றன. அந்தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் அதை இறக்கிக்கொள்.

ஸ்கேன் ஓடவே மாட்டேன் என்கிறதா, அப்டேட் ஆக மறுக்கிறதா? கீழே வலது மூலையில் தேதியைப் பார். மதர்போர்டில் சிஆர் 2032 என்று ஒரு வட்ட பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் கணினி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பானால் பாதுகாப்பான தளங்கள் எதுவும் அதோடு பேசாது, அப்டேட்டும் வராது. சில பத்து ரூபாய் பேட்டரிக்காகக் கணினியையே மாற்றப் புறப்பட்ட குடும்பங்களை நான் அறிவேன். தேதி சரியாக இருந்தால், டிஃபெண்டரின் அமைப்புகளில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்ற பட்டியலைத் திறந்து பார். சோதிக்க வேண்டாம் என்று விலக்கி வைத்த இடங்கள் அதில் இருக்கும். அங்கே சி டிரைவ் முழுவதுமே எழுதப்பட்டிருந்தால் யாரோ காவலுக்குக் கண்ணைக் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். திருட்டு மென்பொருள் போடும்போது, "முதலில் ஆன்டிவைரஸை நிறுத்துங்கள்" என்று சொல்வார்களே, பெரும்பாலும் அந்த வழியில் வந்ததாக இருக்கும். அந்தப் பட்டியலைத் துடைத்துவிட்டு, 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்பதைக் கொடு. விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே அது சோதிக்கும், அதனால் உள்ளே ஒளிந்திருப்பது எழுந்து தடுக்க முடியாது. சுமார் கால் மணி நேர வேலை.

திரையின் மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்" என்று மாறி மாறிச் செய்தி வருவது இன்னொன்று. பெரும்பாலும் கணினியில் எதுவும் இருக்காது. ஏதோ ஒரு தளம் 'அலௌ' அழுத்தச் சொன்னது, யாரோ அழுத்தினார்கள், பிரவுசர் வழியாக அந்தத் தளம் பயமுறுத்திக்கொண்டிருக்கிறது. பிரவுசர் அமைப்புகளில் நோட்டிஃபிகேஷன் அனுமதியை எடுத்துவிட்டால் ஒரே நிமிடத்தில் அமைதி.

பயத்தை விற்பது இந்தத் துறையில் பழைய வியாபாரம். 2008 வாக்கில் 'ஆன்டிவைரஸ் எக்ஸ்பி 2008' என்று ஒன்று சுற்றியது. தானே உள்ளே நுழைந்துகொள்ளும், இல்லாத வைரஸ்களைப் பட்டியல் போடும், நீக்கப் பணம் கேட்கும். இன்று அதே வேலையைப் போனில் செய்கிறார்கள். பெரிய நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, ஈவென்ட் வியூவரைத் திறக்கச் சொல்வார்கள். அங்கே சிவப்பும் மஞ்சளுமாக எச்சரிக்கைகள் வரிசையாக இருக்கும். நல்ல ஆரோக்கியமான கணினியிலும் அவை இருக்கும் என்பது பெரியப்பாவுக்கு எப்படித் தெரியும்? அடுத்து தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளை இறக்கச் சொல்வார்கள். அதன் பிறகு வங்கிக் கணக்கு.

இங்கேதான் நான் உனக்குச் சொல்ல விரும்புவது இருக்கிறது. கணினியை எடுத்ததும் "யாரும்மா இதையெல்லாம் கிளிக் பண்ணது? அறிவு இருக்கா?" என்று கத்துகிற பிள்ளைகளை வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன். ஐம்பது வயதுக்கு மேல் மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்ட அம்மா, அந்த ஒரு வார்த்தையில் சுருங்கிப்போவதையும் பார்த்திருக்கிறேன். அதோடு முடியாது. அடுத்த முறை தப்பு நடந்தால் உன்னிடம் சொல்லமாட்டார்கள். போனில் பேசியவனுக்குப் பணம் போன அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருந்தால் தடுத்திருக்கலாம். நீ கத்துவாய் என்று பயந்து மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். இணைய மோசடிக்கு 1930 என்ற எண் இருக்கிறது. பணம் கைமாறிப் போவதற்குள் அழைத்தால்தான் அதை முடக்க வழி உண்டு. உன் கோபம் அந்த நேரத்தைத் தின்றுவிடுகிறது. நான் தாழ்ந்த குரலில் கேட்கச் சொன்னது இதனால்தான்.

படித்தவர்கள் ஏமாறமாட்டார்கள் என்றும் நினைக்காதே. 2000ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு ஒரு மின்னஞ்சல் கிளம்பியது. இணைப்பாக வந்தது காதல் கடிதம் போலத் தெரிந்த ஒரு நிரல். கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை விண்டோஸ் மறைத்து வைக்கும் வழக்கமே அதற்கு உதவியாகப் போயிற்று. பிரிட்டன் நாடாளுமன்றம் தன் மின்னஞ்சலையே நிறுத்தி வைக்க நேர்ந்தது. அங்கே இருந்தவர்கள் எல்லாம் பெரிய அலுவலர்கள். பிறகு நம் அம்மாவை மட்டும் ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம்?

காவலுக்கு வைத்த மென்பொருளே தவறுவதும் உண்டு. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்கஃபி அனுப்பிய ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான ஒரு கோப்பையே வைரஸ் என்று எடுத்துக்கொண்டு, கணினிகளைத் திரும்பத் திரும்ப அணைந்து எழ வைத்தது. 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்டிரைக்கின் ஒரு தவறான அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன, விமானங்கள் புறப்படவில்லை. ஆன்டிவைரஸுக்குக் கணினியின் அடியாழம் வரை கை வைக்கும் அதிகாரம் கொடுத்திருக்கிறோம். அந்த அதிகாரத்தை எத்தனை பேருக்குக் கொடுப்பது என்று யோசித்துக் கொடு. ஸ்கேனர் ஒன்றை வைரஸ் என்று பிடித்தால் உடனே அழிக்காமல் குவாரன்டைனில் வை. அது அப்பாவின் கணக்கு மென்பொருளாகவும் இருக்கலாம்.

ஸ்கேன் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நிற்கிறதா? ஒன்று, பெரிய சுருக்கக் கோப்பைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். இல்லையென்றால் ஹார்டிஸ்க்கே சாகத் தொடங்கியிருக்கும். படிக்க முடியாத இடத்தில் மறுபடி மறுபடி முயன்றுகொண்டிருக்கும். உள்ளிருந்து 'டிக் டிக்' என்று சத்தமும் கேட்டால் ஸ்கேனை உடனே நிறுத்து. சாகப்போகும் டிஸ்க்கில் முழு ஸ்கேன் ஓட்டுவது அதன் கடைசி மூச்சை வீணாக்குவது. அந்த மூச்சில் படங்களை வெளியே எடு. அதைச் செய்யாமல் "ஃபார்மட் அடிச்சிடலாம்" என்று சொல்லும் எவனையும் அந்தக் கணினியின் பக்கத்தில் விடாதே. ஃபார்மட் அடிப்பது எளிது. தாத்தாவின் எண்பதாம் கல்யாணப் படங்களைத் திரும்ப எடுக்க முடியாது. அந்தத் தாத்தா இப்போது இல்லை.

இன்னொரு செய்தியையும் வீட்டில் சொல்லிவை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பல பழைய கணினிகள் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. அதற்காக மாத வருமானத்தில் கை வைத்துப் புதிது வாங்கச் சொல்லாதே. பிரவுசரும் கடிதமும் மட்டும் போதும் என்கிற வீட்டுக்கு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிடு.

வரும் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டிஸ்க் வாங்கிப் போ. எதையும் நீக்குவதற்கு முன்னால் வீட்டுப் படங்களையும் ஆவணங்களையும் அதில் பிரதி எடு. பிறகு அம்மாவிடம் 1930 என்ற எண்ணைக் கணினிக்குப் பக்கத்தில் சுவரில் எழுதி ஒட்டச் சொல். அதன் கீழேயே உன் எண்ணையும் எழுது. எந்த நேரமானாலும் கூப்பிடலாம், திட்டமாட்டேன் என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டு வா.