காக்காய்ப் பொன் விளையும் கோடர்மா

தன்பாத்திலிருந்து கயைக்குச் செல்லும் இருப்புப் பாதையில் கோடர்மா என்றொரு நிலையம் உண்டு. பலமுறை அதைக் கடந்து சென்றிருந்தும், இறங்கிப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குச் சென்ற புரட்டாசியில்தான் கிட்டியது. அங்குப் பணிபுரியும் நண்பர் அழைக்கவே, எட்டு வயது மகளுடன் புறப்பட்டோம்.

ஊரைத் தாண்டிக் காட்டுப் பக்கம் சென்றதும் மண்ணே மின்னத் தொடங்கியது. அத்தனையும் அப்பிரகம்! நம் பாட்டிமார் காக்காய்ப் பொன் என்பார்களே, அதுதான். இவ்வூரார் அப்ரக் என்கின்றனர்.

இக்கனிமத்தின் இயல்பு விந்தையானது. பார்வைக்குக் கல், நகத்தால் நெம்பினாலோ புத்தகத்தின் ஏடுகளைப் போல் பிரிகிறது. ஓர் ஏட்டைக் கண்ணருகே பிடித்தால் அப்பாலுள்ள மரம் தெரிகிறது. வளைத்து விட்டால் பழையபடி நிமிர்ந்துகொள்கிறது. நெருப்பில் எரியாது, மின்சாரத்தைத் தன்னூடே செல்ல விடாது. இஸ்திரிப் பெட்டிகள் பலவற்றில் சூடேறும் கம்பியைத் தாங்கி நிற்பது இதன் தகடே. மின்சார ரயில் எஞ்சின்களில் பழைய வகை மோட்டார்களின் செப்புத் துண்டுகளுக்கிடையே காவலாக அமர்ந்திருப்பதும் இதுவே. பொடித்தால் வர்ணத்திலும் முகப் பூச்சிலும் உதட்டுச் சாயத்திலும் சேர்ந்து பளபளப்பைத் தருகிறது. நாம் ஊருக்குப் போகையில் கடந்து செல்லும் கூடூர்ப் பகுதியிலும் அப்பிரகம் உண்டு என்பதை நேயர்கள் அறிந்திருக்கலாம்.

கோடர்மாவின் சுரங்கங்கள் ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றவை. 1980-ல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னர், காட்டுக்குள் இருந்தவற்றில் பல மூடப்பட்டன. அவை விட்டுச் சென்ற குவியல்களைக் கிளறி, எஞ்சிய துண்டுகளை ஏழை மக்கள் பொறுக்குகின்றனர். அத்துண்டுகளுக்கு ‘டிப்ரா’ என்று பெயர்.

அத்தகைய குவியலொன்றின் அருகே, எங்கள் மகளின் வயதொத்த சிறுமி ஒருத்தி தாயுடன் அமர்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் குழந்தை ஆசையுடன் நோக்கவே, கூடையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். இவளும் மகிழ்ந்து, ஏடு ஏடாகப் பிரித்துக் காற்றில் பறக்கவிட்டு விளையாடினாள். அச்சிறுமியோ ஓசையின்றி எழுந்து, விழுந்த ஏடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் கூடையில் இட்டாள். “கடைக்காரர் நிறுத்துத்தான் காசு தருவார், பேட்டி” என்று தாய் எங்கள் மகளிடம் சொன்னாள். அக்குரலில் கோபமில்லை. எங்களுக்குத்தான் தலை நிமிரவில்லை.

பதினெட்டு வயது நிரம்பாதோரைச் சுரங்க வேலையில் அமர்த்தலாகாது என்பது சட்டம். ஆயினும் கைவிடப்பட்ட குவியலுக்கு வாயிலும் இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை.

திரும்பும் வண்டியில் மகள் உள்ளங்கையை விரித்தாள். சிறு துண்டொன்று மின்னிற்று. கொலுவுக்கென்று மறைத்துக் கொணர்ந்திருக்கிறாள்.

“அவள் கூடையில் இது குறைந்திருக்குமே, அப்பா?” என்று கேட்டாள்.

நண்பரிடம் கொடுத்தனுப்பலாம் என்றோம். அனுப்பியும் விட்டோம், ஒரு சிலேட்டுடனும் சில புத்தகங்களுடனும். அதனால் அவள் கூடை இறங்கிவிடாது என்பதை அறிவோம். ஆயினும், நம் வீட்டில் மின்னும் பொருள் எவர் கைவழியே வந்தது என்று நம் குழந்தைகள் கேட்கத் தொடங்கினால், அது நல்ல தொடக்கமே.