நியா ஃபிலடெல்ஃபியாவின் முஹாஜிர்கள்

ஏதென்ஸ் நகரின் வடபுறத்தே நியா ஃபிலடெல்ஃபியா என்றொரு பகுதி உண்டு. சென்ற ஆண்டுப் பயணத்தின்போது அங்குள்ள கால்பந்து அரங்கின் முன் நின்றோம். 2022 செப்டம்பரில் திறக்கப்பட்ட, 30,000 பேருக்கு மேல் அமரக்கூடிய அவ்வரங்கின் பெயர் 'அயா சோஃபியா' என்றறிந்ததும் மனம் சற்றே சுருங்கியது. 2020 இல் மீண்டும் தொழுகைக்குத் திறக்கப்பட்ட இஸ்தான்புல் பள்ளிவாசலின் பெயரல்லவா அது? விட்டுக்கொடாத உரிமைக் குரலென்றே முதலில் எண்ணினோம்.

வரலாற்றைப் படித்தபின் அவ்வெண்ணம் தளர்ந்தது. 1923 இன் லொசான் உடன்படிக்கை, மதத்தையே அளவுகோலாகக் கொண்டு, துருக்கியின் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களையும் கிரேக்கத்தின் முஸ்லிம்களையும் கட்டாயமாக இடம் மாற்றியது. போரில் முன்னரே தப்பியோடியவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 12 இலட்சம் பேர் கிரேக்கம் வந்தனர். சுமார் 4 இலட்சம் முஸ்லிம்கள் துருக்கி சென்றனர். அகதிகள் இங்கே குடியேறி, தாம் இழந்த ஃபிலடெல்ஃபியாவின் பெயரையே புதிய ஊருக்கும் இட்டனர். இஸ்தான்புல்லிலிருந்து வந்தோர் 1924 இல் தொடங்கிய ஏ.இ.கே. கழகத்தின் பெயரில் கான்ஸ்டாண்டினோபிள் இன்றும் நிற்கிறது. அரங்கின் பெயரும் அந்த ஏக்கத்தின் தொடர்ச்சியே.

தம் மதத்தாரிடையே வந்துசேர்ந்தும் இவ்வகதிகள் 'துருக்கி வித்து' என இகழப்பட்டனர். கிரேக்க மொழி பேசிய கிரீட் தீவு முஸ்லிம்களோ துருக்கியில் 'அரைக் காஃபிர்' எனப்பட்டனர். கலிமா மொழிந்த நாவுகளே அச்சொல்லையும் மொழிந்தன என்பதை எண்ணி வெட்கினோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் பிறந்த மண்ணைப் பிரிந்தவர்கள்தாம். மக்காவை விட்டு நீங்குகையில் அதன்மீது தாம் கொண்ட அன்பை அவர்கள் மறைக்கவில்லை. மதீனாவின் அன்ஸாரிகளோ வந்தவர்களைத் தம் வீட்டிலும் தோட்டத்திலும் பங்காளிகளாக்கினர். ஊரை நினைத்து ஏங்குவது ஈமானுக்கு இழுக்கன்று. ஏங்குபவரை அந்நியராக்குவதே இழுக்கு.

ஊர் திரும்பியபின் நம் மஹல்லாவை நோக்கினோம். பிழைப்புக்காக வந்து இருபதாண்டுகளாக நம்மோடு ஒரே ஸஃப்பில் தொழும் குடும்பங்களை இன்னும் 'வெளியூரார்' என்றே குறிக்கிறோம். அவர்தம் இல்லத் திருமணங்களுக்குச் செல்கிறோம். ஜமாஅத் கூட்டத்தில் மட்டும் அவர்களுக்கு இருக்கை இல்லை. அடுத்த கூட்டத்தில் இதனை எழுப்புவதென முடிவு செய்துள்ளோம்.

அன்ஸாரிகளின் உள்ளத்தை அல்லாஹ் நமக்கும் அருள்வானாக. ஆமீன்.