ரிக்கோட்டா பூரணம்

கீழ்ப்பற்களை எடுத்த பிறகு என் மனைவியின் சாப்பாடு பாதியாகிவிட்டது. சுண்டல், பனீர் எதையும் மெல்ல முடியவில்லை. முட்டையைத் தொடமாட்டாள். எடை குறைகிறது, புரதம் சேருங்கள் என்றார் மருத்துவர்.

அந்தச் சமயம் பெங்களூரிலிருந்து வந்த மகள் ஒரு டப்பா ரிக்கோட்டா கொண்டுவந்தாள். உழவர் சந்தையில் நான் வாங்கியிருந்த பசலைக்கீரையை வதக்கி, அதோடு பிசைந்து, மைதா மாவுக்குள் வைத்து மூடி வேகவைத்தாள். இத்தாலிக்காரர்களின் ராவியோலியாம். நம் கொழுக்கட்டைக்குத் தம்பி! மனைவி மாவை ஒதுக்கிவிட்டு உள்ளே இருந்த பூரணத்தை மட்டும் வழித்துச் சாப்பிட்டாள்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அதில் 'கியுய்' என்றால் வெந்தது. முன்னால் 'ரெ' சேர்த்தால் மறுபடி வெந்தது. ரிக்கோட்டாவுக்கும் அதே பொருள்தான். சீஸ் எடுத்தபின் மிஞ்சும் தண்ணீரை மறுபடி சூடாக்கினால், அதில் கரைந்திருக்கும் புரதம் பஞ்சுபோலத் திரண்டு மிதக்கும். சிசிலியில் அதில் சர்க்கரை சேர்த்து, கன்னோலி என்ற பொரித்த குழலுக்குள் அடைக்கிறார்கள்.

முழுப்பால் ரிக்கோட்டா 100 கிராமில் புரதம் சுமார் 11 கிராம், கால்சியம் 200 மில்லிகிராம் அளவு. பெரும்பாலான சீஸ்களைவிட உப்பு குறைவு. என்னைப்போல் ரத்தக்கொதிப்புக்காரர்களுக்கு அது பெரிய விஷயம். கொழுப்பு உண்டு, நார்ச்சத்து கிடையாது. கீரை சேர்ப்பது அதற்குத்தான்.

டப்பா விலையைக் கேட்டதும் நானே அடுப்படிக்குப் போனேன். 1 லிட்டர் பால் கொதித்ததும் அடுப்பை அணைத்து எலுமிச்சைச் சாறு விட்டேன். சரியாகச் சொன்னால் இது ரிக்கோட்டா அல்ல, பனீரின் தங்கை. முதல் நாள் பழக்கதோஷத்தில் துணியைப் பிழிந்து, மேலே குழவியை வைத்துவிட்டேன், பனீராகவே ஆகிவிட்டது. இப்போது கால் மணி நேரம் தானாக வடியவிடுவதோடு சரி. இன்னொரு தடவை நாட்டுச்சர்க்கரையை முன்னாலேயே கலந்துவைத்து, நீர்விட்டுக் கொழுக்கட்டையெல்லாம் வெடித்தது. கடைசி நிமிடத்தில், ஏலக்காயோடு கலக்க வேண்டும். உப்புப் பூரணத்துக்கு மிளகும் கொத்தமல்லியும் போதும், தோசைக்குள் வைக்கலாம். வடிந்த தண்ணீரில் சப்பாத்தி மாவு பிசைகிறோம்.

நேற்று சாயங்காலம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஏனுங்க, இன்னைக்குப் பால் திரிக்கலீங்களா?"