அகல் விளக்கில் தாத்தாவின் பெயர்



அக்டோபர் 31 நெருங்குகையில் நம் குடவாசலிலும் இப்போது ஒரு கேள்வி எழுகிறது: பிள்ளைகள் ஹாலோவீன் அலங்காரம் கேட்கிறார்களே, செய்யலாமா? கைப்பேசியில் பார்க்கிறார்கள், சென்னையிலும் பெங்களூரிலும் வாழும் உறவினர் அனுப்பும் படங்களிலும் பார்க்கிறார்கள். நெகிழி எலும்புக்கூடும் சிலந்தி வலையும் வேண்டுமென்று தம் பிள்ளைகள் இருவரும் அடம்பிடிப்பதாக நம் சபையின் சகோதரி ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் கூறினார். அவற்றின் விலை, நடவுக்குச் செல்லும் அவருடைய இரண்டு நாள் கூலி. ஆயினும் பணத்தைவிட அவரை வருத்தியது வேறொன்று. ஆடி மாதத்தில் அவருடைய மாமனார் கர்த்தருக்குள் நித்திரையடைந்திருந்தார். அலங்காரம் கேட்ட அதே ஐந்து வயது மகன், இருட்டியபின் கொல்லைப்பக்கம் போக மறுத்தான். "தாத்தா இப்ப பேயா வருவாங்களாம்மா?" என்று கேட்டானாம்.

'அது நமக்கு ஆகாது' என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்விக்கு அது பதிலாகாது.

ஹாலோவீன் என்னும் சொல்லுக்குப் பரிசுத்தவான்களின் திருநாளுக்கு முந்தைய மாலை என்பதே பொருள். நவம்பர் 1 சகல பரிசுத்தவான்களின் திருநாள். அந்நாளில் ஆலயத்திற்கு ஜனங்கள் திரள்வார்கள் என்பதால்தான் 1517இல் அதற்கு முந்தைய நாளில் விட்டன்பர்க்கில் மார்ட்டின் லுத்தர் தம் 95 கருத்துரைகளை வெளியிட்டார் என்பார்கள். கோர முகம் செதுக்கும் வழக்கம் அயர்லாந்தில் நூற்கோல் போன்ற கிழங்குகளில் தொடங்கி, அமெரிக்காவில் பரங்கிக்காய்க்கு மாறியது. கோர முகம் நமக்கும் புதிதன்று. கட்டி முடியாத வீடுகளின் முகப்பில், பிதுங்கிய விழியும் நீண்ட நாக்குமாகத் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்குவதை நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் காண்கிறார்கள். அங்கும் இங்கும் அச்சம் ஒன்றுதான்.

ஆகவே அலங்காரம் செய்வோம், பேய்களுக்காக அல்ல என்று அந்தச் சகோதரியிடம் சொன்னேன். குறுவை அறுவடை முடிந்திருந்ததால் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்திற்குச் செய்வதுபோல் மூங்கிலைப் பிளந்து, மைதாப் பசையால் வர்ணக் காகிதம் ஒட்டிக் கூண்டுகள் செய்தோம். எட்டு அகல்களோடு மொத்தச் செலவு எழுபது ரூபாய். (வைக்கோல் வாசற்படியில்; விளக்குகள் தள்ளி, தண்ணீர் நிறைந்த தாம்பாளத்தில். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இதில் கவனம் வேண்டும்.) பரங்கிக்காயும் ஒன்று வாங்கினோம். அதைக் குடைந்து முகம் வெட்ட எவருக்கும் மனம் வரவில்லை. கூட்டு வைத்துச் சாப்பிட்டோம்.

ஒவ்வோர் அகலுக்கும் ஒரு பெயர் எழுதினார்கள் பிள்ளைகள். எபிரெயர் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்திலிருந்து ஆபேல், சாராள், ராகாப். 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்கு. 1733இல் குருப்பட்டம் பெற்று, நம் சோழநாட்டுக் கிராமங்களில் ஊழியம் செய்த ஆரோன். புராட்டஸ்டண்டு சபைகளில் அப்பட்டம் பெற்ற முதல் தமிழர் அவரே. அடுத்து, எவரும் சொல்லாமலே, அச்சிறுவன் தன் தாத்தாவின் பெயரைக் கோணல் எழுத்துகளில் எழுதி, அருகில் அவருடைய வெற்றிலைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான்.

அங்கேதான் பாட்டி தடுத்தார். "ஐயா, இது படையல் மாதிரி ஆயிடாதா?" என்றார். அவர் கேட்டது நியாயமே. மரித்தவர்களிடம் நாம் ஜெபிப்பதில்லை. அவர்களுக்கு எதையும் படைப்பதுமில்லை. வெற்றிலைப் பெட்டியை எடுத்துவிடலாமா என்று நானும் தயங்கினேன். பின்பு பாட்டியிடமே, அந்தப் பெட்டியைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்றேன். தாத்தா விடியற்காலையில் வெற்றிலை மடித்துக்கொண்டு வாய்க்காலில் தண்ணீர் திருப்பப் போவதையும், மடையருகே நின்று ஜெபம் செய்வதையும், ஒருமுறை அங்கே சாரைப்பாம்பைக் கண்டு ஜெபத்தைப் பாதியில் விட்டு ஓடிவந்ததையும் அவர் சொன்னார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டிருக்கும். அவருடைய வாழ்வுக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் செலுத்தினோம்.

எட்டு மணிக்கு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. விளக்குகள் அணைந்தன. தன் அகலை மட்டும் மீண்டும் ஏற்றித் தரும்படி அந்தச் சிறுவன் கேட்டான். எங்கே வைக்கப் போகிறாய் என்றதற்கு, "கொல்லைத் திண்ணையில" என்றான். அவன் அம்மா அரிக்கேன் விளக்கோடு உடன் போனார்.

இவ்வாண்டு அக்டோபர் 31 மாலை ஆறு மணிக்குப் போதகர் மனைத் தாழ்வாரத்தில் கூடுவோம். பிள்ளைகள் ஆளுக்கோர் அகலும், தாங்கள் எழுத விரும்பும் ஒரு பெயரும் கொண்டுவரட்டும். நனையாத வைக்கோல் தரக்கூடியவர்கள் ஞாயிறு ஆராதனைக்குப் பின் என்னிடம் சொல்லுங்கள்.